செர்பிய மொழியின் ‘கிளாகோல்ஸ்கி பிரிலோக்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செர்பியக் கதைகளைத் தமிழாக்க விரும்புகிறவர்களுடன் சில ஆண்டுகளாகச் சேர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலோர் கையில் இருப்பவை ஒரு செர்பிய–ஆங்கில அகராதியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் இலக்கண நூலும்தான். செர்பியத்தின் ஏழு வேற்றுமைகளைக் கண்டு இவர்களில் யாரும் மலைத்ததில்லை. ஆனால் ‘கிளாகோல்ஸ்கி பிரிலோக்’ என்ற ஒரு கலைச்சொல் ஏறக்குறைய எல்லோரையும் இடறவிடுகிறது. செர்பியத்தில் அது தெளிவாக இருக்கிறது, தமிழிலும் தெளிவாக இருக்கிறது. இடையில் ஆங்கிலத்தைக் கடக்கும்போதுதான் குழம்பிவிடுகிறது. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. செர்பிய மொழி சிரிலிக், லத்தீன் ஆகிய இரண்டு எழுத்துகளிலும் எழுதப்படுகிறது. இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ‘ச்சி’ என்று முடியும் சொற்களை ‘பச்சை’ என்பதில் வரும் ‘ச்ச’ போலவே ஒலிக்கவும். தனித்து வரும் ‘த’ மென்மையாகவும், ‘த்த’ வன்மையாகவும் ஒலிக்கும்.

‘கிளாகோல்ஸ்கி பிரிலோக்’ என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும்: அது வினையெச்சம். வாக்கியத்தை முடிக்காமல் இன்னொரு வினையைச் சார்ந்து நிற்கும் வினைவடிவம். ‘பெவாயுச்சி’ என்றால் ‘பாடிக்கொண்டு’. ‘உராதிவ்ஷி’ என்றால் ‘செய்துவிட்டு’. பாடுகிறவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நானா நீயா என்பதை இந்த வடிவம் காட்டுவதில்லை. தமிழில் ‘பாடி’ என்பது காட்டாததைப் போலத்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ‘-ச்சி’ என்று முடிவதை ‘ஸதாஷ்ஞி’, அதாவது நிகழ்காலத்துக்குரியது என்பார்கள். ‘-வ்ஷி’ என்று முடிவதை ‘பிரோஷ்லி’, அதாவது இறந்தகாலத்துக்குரியது என்பார்கள்.

அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் என்ன கிடைக்கும்?

‘கிளாகோல்’ என்றால் இன்றைய செர்பியத்தில் வினைச்சொல். பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் அதற்குச் சொல், பேச்சு என்ற பொருள் இருந்தது. ஸ்லாவியத்துக்கென்று முதலில் உருவான எழுத்தைக் ‘கிளாகோலித்ஸா’ என்று அழைப்பதும் அந்த வேரிலிருந்துதான். ‘பிரிலோக்’ என்றால் வினையடை. ‘பிரி’ என்றால் அருகில். ‘லோக்’ வைத்தல், கிடத்தல் என்ற பொருள்தரும் வேர். ஆக, அருகே வைக்கப்பட்டது.

ஆங்கில ‘அட்வெர்ப்’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கும் பொருள் ‘சொல்லுக்கு அருகே இருப்பது’தான். எனவே நேர் மொழிபெயர்ப்பு ‘வெர்பல் அட்வெர்ப்’. வினையிலிருந்து பிறந்து, வினைக்கு அடையாக நிற்பது என்று அதை விரிக்கலாம்.

பெல்கிரேட் உணவகத்தின் பட்டியலிலும் ‘பிரிலோக்’ என்று பார்த்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே சொல்தான். இறைச்சியோடு வரும் உருளைக்கிழங்கும் சோறும் பிரிலோக். மின்னஞ்சலோடு அனுப்பும் இணைப்பும் பிரிலோக். நன்கொடையும், ஓர் ஆய்வுத்துறைக்கு ஒருவர் அளிக்கும் பங்களிப்பும், தொலைக்காட்சிச் செய்தியில் வரும் ஒரு தொகுப்பும் பிரிலோக்தான். எல்லாவற்றிலும் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைக்கும் செயல் இருக்கிறது. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டால் ‘வினைப் பங்களிப்பு’ என்று எழுத நேரும். அப்படி எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

இதன் உடன்பிறப்பான ‘ப்ரெத்லோக்’ என்ற சொல்லிலும் இதே கவனம் தேவை. இலக்கணத்தில் அது பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல். கூட்டங்களில் அது ஒருவர் முன்வைக்கும் யோசனை.

ஒரு நூலில் ‘ஜெரண்ட்’, இன்னொன்றில் ‘வெர்பல் அட்வெர்ப்’, வேறொன்றில் ‘பார்ட்டிசிப்பிள்’ என்று இருக்கிறது. எதை நம்புவது?

மூன்றும் ஒரே வடிவத்தைத்தான் சுட்டுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வடிவம் இல்லாததால், ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குப் பழகிய மரபிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். ‘பார்ட்டிசிப்பிள்’ என்பவர்களுக்கு வரலாறு துணை. பழைய ஸ்லாவியத்தில் இவை பெயரடை போலப் பாலும் எண்ணும் வேற்றுமையும் ஏற்று மாறிவந்த வடிவங்கள். காலப்போக்கில் அந்த மாற்றத்தை இழந்து, ஒரே உருவில் உறைந்து, வினைக்கு அடையாகிவிட்டன. ‘ஜெரண்ட்’ என்பவர்கள் ரஷ்ய மொழிக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கணங்களின் வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். ரஷ்யத்தின் இதே வகை வடிவத்தை அந்த நூல்கள் அப்படித்தான் அழைக்கின்றன.

மொழியியலாளர்களிடம் ‘கன்வெர்ப்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஃபின்லாந்து அறிஞர் ராம்ஸ்டெட் 1903இல் மங்கோலிய வினைகளைப் பற்றி எழுதும்போது அறிமுகப்படுத்தியது அது. இன்று தமிழ் வினையெச்சத்துக்கும் அந்தப் பெயரை வழங்குகிறார்கள். கருத்தளவில் இதுவே மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆனால் பொது வாசகருக்கு அது அறிமுகமில்லாத சொல்.

செர்பியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு இலக்கணக் குறிப்பு எழுதினால் ‘வெர்பல் அட்வெர்ப்’ என்று எழுதுங்கள். தமிழில் எழுதினால் ‘வினையெச்சம்’ என்று தயங்காமல் எழுதுங்கள். ‘ஜெரண்ட்’ மட்டும் வேண்டாம். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

பள்ளியில் படித்த ஆங்கில ஜெரண்டும் இந்த ஜெரண்டும் வேறு வேறா?

முற்றிலும் வேறு. பள்ளியில் நாம் படித்த ஜெரண்ட் தொழிற்பெயர். ‘ஸ்மோக்கிங்’ உடலுக்குக் கேடு என்னும்போது அது ‘புகைத்தல்’ என்ற பெயர்ச்சொல். செர்பியத்தில் அதற்கு ‘புஷெஞே’ என்று தனி வடிவம் இருக்கிறது. அதைக் ‘கிளாகோல்ஸ்கா இமெனித்ஸா’, அதாவது வினைப்பெயர் என்பார்கள். புகைக்கக் கூடாது என்று சுவரில் எழுதும் அறிவிப்பில் வருவது இதுதான்.

‘அவர் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்’ என்ற வாக்கியத்தையும் ஆங்கிலம் அதே ‘ஸ்மோக்கிங்’ என்ற சொல்லால் சொல்லிவிடும். செர்பியத்தில் இங்கே வருவது ‘புஷெச்சி’. ‘புகைக்கிற மனிதர்’ என்றால் ‘புகைக்கிறாரே, அந்த மனிதர்’ என்ற கட்டமைப்பில் ‘சோவெக் கோயி புஷி’ என்பார்கள். தொழிற்பெயர், வினையெச்சம், பெயரெச்சம் என்று தமிழ் பிரிக்கும் மூன்று இடங்களையும் ஆங்கிலம் ஒரே ‘-இங்’ சட்டைக்குள் நுழைத்துவிடுகிறது. செர்பியம் தமிழைப் போலவே மூன்றாகப் பிரிக்கிறது. ஆங்கில ‘-இங்’கைப் பார்த்ததும் ‘-ச்சி’ என்று எழுதிவிடாதீர்கள். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘-தல்’ வந்தால் புஷெஞே. ‘-கொண்டு’ வந்தால் புஷெச்சி.

இந்த வடிவங்களை எப்படி உருவாக்குவது?

‘-ச்சி’ வடிவத்துக்கு நிகழ்காலப் படர்க்கைப் பன்மை அடிப்படை. ‘பெவாயு’ என்றால் பாடுகிறார்கள். அதோடு ‘ச்சி’ சேர்த்தால் பெவாயுச்சி. ‘ராதெ’ என்றால் வேலை செய்கிறார்கள், ராதெச்சி. இவ்வளவுதான்.

‘-வ்ஷி’ வடிவம் காலம் எதுவும் காட்டாத வினையடியிலிருந்து வருகிறது. அடி உயிரில் முடிந்தால் ‘வ்ஷி’: உராதித்தி என்பது உராதிவ்ஷி ஆகும். மெய்யில் முடிந்தால் ‘அவ்ஷி’: ‘சொல்’ என்ற பொருளுடைய ‘ரெச்சி’யின் அடி ‘ரெக்’, எனவே ‘ரெக்காவ்ஷி’, சொல்லிவிட்டு. ‘வா’ என்ற பொருளுடைய ‘தோச்சி’யிலிருந்து ‘தோஷாவ்ஷி’, வந்து. அகராதியில் தேடும்போது இந்த இரண்டாவது வகைதான் சிரமம் தரும். ரெக்காவ்ஷி என்ற சொல்லைத் தேடி அலைவதைவிட ரெச்சி என்ற தலைச்சொல்லுக்குப் போய்விடுவது நல்லது. ‘ரெச்சி’, ‘தோச்சி’ போன்ற மூலவடிவங்களும் ‘ச்சி’ என்றே முடிவதால் அவற்றை வினையெச்சம் என்று எண்ணிவிடவும் கூடாது.

‘நிகழ்கால’ வடிவம் என்கிறீர்கள். ஆனால் நான் படித்த கதையில் வாக்கியம் இறந்தகாலத்தில் இருக்கிறதே?

இருக்கும். இங்கே ‘நிகழ்காலம்’ என்பது இன்றைக்கு நடப்பது என்ற பொருளில் வரவில்லை. முக்கிய வினையோடு ஒரே வேளையில் நடப்பது என்று பொருள். ‘பெவாயுச்சி’ வேலை செய்தாள், செய்கிறாள், செய்வாள் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். ‘பாடிக்கொண்டே’ என்பதும் அப்படித்தானே.

அதுபோல ‘பிரோஷ்லி’ என்பது முக்கிய வினைக்கு முன்னால் முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. ‘வேலையை முடித்துவிட்டு நாளை வருவார்’ என்னும்போது முடிப்பதும் நாளைதான் நடக்கப்போகிறது. ஆனாலும் இறந்தகால வடிவத்துக்கு அங்கே இலக்கணத் தடை ஏதும் இல்லை. தமிழ் ‘முடித்து’ என்பதையும் இறந்தகால வினையெச்சம் என்றே இலக்கணம் படித்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு மொழி இலக்கணக்காரர்களும் ஒரே விதமாகப் பெயரிட்டு, ஒரே விதமான ஐயத்தை மாணவர்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

எந்த வினையோடும் இரண்டு விகுதிகளையும் சேர்க்கலாமா?

கூடாது. செர்பிய வினைகள் பெரும்பாலும் இணையாக வரும்: நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் முற்றாவினை ஒன்று, நடந்து முடிந்ததைக் காட்டும் முற்றிய வினை ஒன்று. ‘ராதித்தி’ செய்துகொண்டிருப்பது, ‘உராதித்தி’ செய்து முடிப்பது. ‘-ச்சி’ முற்றாவினையோடு மட்டும் சேரும். ‘-வ்ஷி’ பெரும்பாலும் முற்றிய வினையோடு சேரும். முற்றாவினையோடு எப்போதாவது பார்க்கலாம். ஆகவே ராதெச்சி, உராதிவ்ஷி என்பனவே இயல்பான இணை. இதற்கு விலக்காக ‘இரு’ என்ற வினையின் ‘புதுச்சி’ என்ற வடிவம் உண்டு. அதைத் தனியே கீழே சொல்கிறேன்.

‘கிளாகோல்ஸ்கி ப்ரிதெவ்’ என்றும் ஒன்று வருகிறதே. அது அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை, வேறு வடிவம். ‘ப்ரிதெவ்’ என்றால் பெயரடை. செய்வினைக்கு ஒன்று, செயப்பாட்டுவினைக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. இவை பாலும் எண்ணும் ஏற்று மாறும், பிரிலோக் மாறாது. ஆங்கில நூல்களில் ‘பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ என்று பார்த்தால், அநேகமாக ப்ரிதெவ் பற்றித்தான் பேசுகிறார்கள்.

‘அவன் தெருவைக் கடப்பதைப் பார்த்தேன்’ என்பதை ‘-ச்சி’ போட்டு எழுதினேன். நீங்கள் அடித்துவிட்டீர்கள். ஏன்?

நீங்கள் எழுதியதற்குப் பொருள் ‘நான் தெருவைக் கடந்துகொண்டே அவனைப் பார்த்தேன்’ என்று ஆகிவிட்டது. பிரிலோக்கின் எழுவாயும் முக்கிய வினையின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘கிராஸிங்’ என்ற சொல் பக்கத்தில் நிற்கும் ‘அவனை’ என்பதோடு ஒட்டிக்கொள்ளும்; செர்பியத்தில் அப்படி ஒட்டாது. இங்கே ‘காக்கோ’, அதாவது ‘எப்படி’ என்ற சொல்லை இட்டு, ‘அவன் தெருவை எப்படிக் கடக்கிறான் என்று பார்த்தேன்’ என்ற கட்டமைப்பில் எழுத வேண்டும். அவன் கடக்கும் விதத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. கடந்ததைக் கண்டேன் என்பதே பொருள்.

தமிழருக்கு இந்த விதி அந்நியமானதன்று. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் வினைமுதலைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் வினையியலில் விதித்திருக்கிறார். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதைப் போல எழுவாய் மாறிவரும் வாக்கியங்களை எச்சத் திரிபு என்று நம் உரைகாரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். செர்பியத்தில் அந்தச் சலுகை கிடையாது. ‘வீட்டுக்குப் போய்க்கொண்டு மழை தொடங்கியது’ என்று எழுதினால் அங்குள்ள ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். ‘தோக்’, அதாவது ‘-போது’ என்ற சொல்லை வைத்து முழு வாக்கியமாக எழுதுவதே வழி.

‘ஒரு சொல்கூடச் சொல்லாமல் வெளியே போனான்’ என்பதில் ‘சொல்லாமல்’ எப்படி வரும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலத்தில் ‘இல்லாமல்’ என்று பொருள்படும் ‘வித்தவுட்’ வேண்டும். செர்பியத்தில் எச்சத்துக்கு முன்னால் ‘நே’ என்ற எதிர்மறைச் சொல்லை வைத்தால் போதும்: ‘நே ரெக்காவ்ஷி நி ரேச்’. தமிழின் ‘சொல்லாமல்’ போலவே வினையே எதிர்மறையாகிவிடுகிறது. செர்பியத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வரும்போது இந்த வாக்கியம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து அமரும். ஆங்கிலப் பதிப்பைப் பார்த்துப் பெயர்த்தவர்கள் ‘ஒரு சொல்லும் இல்லாமல்’ என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன்.

‘ஸ்லெதெச்சி பூத்’ என்பதற்கு அகராதி ‘அடுத்த முறை’ என்கிறது. என் வாக்கியத்தில் அது பொருந்தவில்லையே?

உங்கள் வாக்கியத்தில் அடுத்து ‘காட்டின் வழியாக’ என்று வருகிறது அல்லவா? அப்படியானால் அது ‘பாதையைப் பின்பற்றிக்கொண்டு’. ‘ஸ்லெதெச்சி’ என்பது பின்தொடர்தலைக் குறிக்கும் வினையின் எச்சம். அதுவே பெயரடையாகி ‘அடுத்த’ என்ற பொருளும் பெற்றுவிட்டது. ‘பூத்’ என்பதற்கும் பாதை, முறை என்று இரண்டு பொருள். இரண்டும் சேரும்போது சூழல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பெயரடையாகிவிட்ட எச்சங்கள் பல. ‘லெத்தெச்சி’ பறக்கும் தட்டுக்கும் பறக்கும் கம்பளத்துக்கும் அடையாக வருகிறது. ‘தெக்குச்சி’, அதாவது ஓடுகிற என்பது, வங்கியின் நடப்புக் கணக்குக்குப் பெயர். ‘போய்க்கொண்டு’ என்று பொருள்தரும் ‘இதுச்சி’ வருகிற வாரத்துக்கும் வருகிற ஆண்டுக்கும் அடையாகிறது. இவற்றைக் கண்டறிய ஒரு வழி: பால், எண், வேற்றுமைக்கு ஏற்பக் கடைசி எழுத்து மாறினால் அது பெயரடை. மாறாமல் நின்றால் எச்சமாக இருக்கலாம். மேலே கண்ட ‘ஸ்லெதெச்சி பூத்’ போல மாறாமலே பெயரடையாகவும் இருக்கலாம்.

‘புதுச்சி’ என்றால் ‘இருந்துகொண்டு’ என்று கணக்கிட்டேன். அகராதி ‘எதிர்கால’ என்கிறது. எது தவறு?

இரண்டும் சரி. ‘பஸ்’ என்பதில் ஒலிப்பதுபோல் முதலெழுத்தை ஒலித்துக்கொள்ளுங்கள். ‘இரு’ என்ற வினையின் ‘புத்-’ என்ற அடி, இனி ஆகப்போவதைச் சுட்டுவது. அதிலிருந்து பிறந்த ‘புதுச்சி’ பெயரடையானபோது ‘வருங்கால’ என்று பொருள் கொண்டது. ரஷ்ய மொழி இதை இரண்டு சொல்லாக வைத்திருக்கிறது: எச்சத்துக்கு ‘புதுச்சி’, பெயரடைக்கு ‘புதுஷ்ச்சிய்’. செர்பியம் இரண்டு வேலையையும் ஒரே சொல்லுக்குக் கொடுத்துவிட்டது. ‘புதுச்சி தா’ என்று வந்தால் ‘என்பதால்’ என்று பொருள். ‘இருப்பதால்’ என்ற தமிழ்ச் சொல்லைப் பார்த்தால் அந்த வழி விளங்கும்.

இதே வினையின் ‘-வ்ஷி’ வடிவம் ‘பிவ்ஷி’. நேர்ப்பொருள் ‘இருந்துவிட்டு’. இன்றைய வழக்கில் ‘முன்னாள்’. வருங்காலத் தலைவர் ‘புதுச்சி’, முன்னாள் தலைவர் ‘பிவ்ஷி’. ‘இரு’ என்ற ஒரு வினையின் இரண்டு எச்சங்கள் மனிதருடைய பதவிக்காலத்தின் இரு பக்கமும் போய் நின்றுகொண்டன.

‘ஸாஹ்வால்யுயுச்சி’ என்பதை ‘நன்றி கூறிக்கொண்டு’ என்று பெயர்த்தது தவறா?

பெரும்பாலான இடங்களில் தவறு. அது ‘உன்னால், உன் தயவால்’ என்ற பொருளில் உருபு போல உறைந்துவிட்ட சொல். அதே போல ‘உக்ல்யுச்சுயுச்சி’ என்றால் ‘உட்பட’. ‘போச்செவ்ஷி ஓத்’ என்றால் ‘தொடங்கி’. ‘திங்கட்கிழமை தொடங்கி’ என்னும் தொடரில் வருவது.

இவற்றைப் படிக்கும்போது நம் மொழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ‘பற்றி’, ‘நோக்கி’, ‘குறித்து’, ‘கொண்டு’, ‘இருந்து’ எல்லாம் வினையெச்சங்களே. அவை சொல்லுருபாகி, பற்றுதலும் நோக்குதலும் நினைவுக்கு வராத அளவுக்குத் தேய்ந்துவிட்டன. ‘மரத்தைப் பற்றி எழுதினான்’ என்றால் யாரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுதியதாக நினைப்பதில்லை. செர்பிய வாசகர் ‘ஸாஹ்வால்யுயுச்சி’ என்பதில் நன்றியைக் கேட்பதும் அவ்வளவுதான்.

அப்படியானால் ‘-வ்ஷி’ வரும் இடமெல்லாம் ‘செய்து’ என்று போட்டுவிடலாமா?

பொருள் சரியாக வரும். குரல் சரியாக வராது. தமிழில் ‘செய்து’ எல்லோர் வாயிலும் ஒரு நாளைக்கு நூறு முறை வருகிறது. குழந்தையும் ‘சாப்பிட்டுவிட்டு வருகிறேன்’ என்கிறது. செர்பியத்தில் ‘-வ்ஷி’ பெரும்பாலும் ஏட்டு வழக்கு. அடுக்களையில் நின்று பேசுகிறவர் ‘தோஷாவ்ஷி’ என்று சொல்லமாட்டார். ‘காத்’ என்ற சொல்லை வைத்து ‘வந்தபோது’ என்றுதான் தொடங்குவார். ‘-ச்சி’ வடிவம் கொஞ்சம் எளியது என்றாலும் அதுவும் எழுத்துப் பக்கமே சாய்ந்தது.

எனவே ஒரு செர்பியக் கதையில் கிராமத்துக் கிழவி பேசும்போது திடீரென்று ‘-வ்ஷி’ வந்தால் அங்கே கவனியுங்கள். அவள் வேதாகமத்தையோ பழம்பாட்டையோ மேற்கோள் காட்டலாம். அல்லது மிடுக்காகப் பேச முயலலாம். அதை வெறும் ‘செய்து’ என்று பெயர்த்தால் அந்த நிறம் போய்விடும். நான் அத்தகைய இடங்களில் எச்சத்தை விட்டுவிட்டு, சொல் தேர்வில் பழமையைக் கொண்டுவரப் பார்க்கிறேன்: ‘வந்து’ என்பதற்குப் பதில் ‘வந்த பின்னர்’, ‘சொல்லி’ என்பதற்குப் பதில் ‘மொழிந்து’. இது என் வழி. எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை.

தமிழிலிருந்து செர்பியத்துக்குப் போகும்போது? ‘எழுந்து, முகம் கழுவி, காபி குடித்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்’ என்பதில் நான்கு எச்சம் வருகிறதே.

நான்கையும் ‘-வ்ஷி’ ஆக்கினால் செர்பிய வாசகருக்கு மூச்சு முட்டும். அங்கே ஒரு வாக்கியத்துக்கு ஓர் எச்சமே போதும் என்ற உணர்வு இருக்கிறது. அடுத்தடுத்த செயல்களை அவர்கள் முற்றுவினைகளாகவே அடுக்கி, கடைசிக்கு முன் ‘இ’, அதாவது ‘உம்’ என்ற பொருளுள்ள சொல்லை வைப்பார்கள்: எழுந்தாள், முகம் கழுவினாள், காபி குடித்தாள், பையை எடுத்தாள், கிளம்பினாள் என்ற போக்கில். செர்பிய இறந்தகாலத்தோடு வரும் துணைவினையை முதலில் ஒருமுறை சொன்னால் போதும், பிறகு திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாக்கியம் வேகமாக ஓடும்.

திரும்பி வரும்போதும் இதே கணக்குத்தான். செர்பியத்தில் ஐந்து முற்றுவினைகள் வரிசையாக வந்தால், தமிழில் அவற்றை ஐந்து ‘-ஆள்’களாக நிறுத்திவிடாதீர்கள். நான்கை எச்சமாக்குங்கள். ஐந்தாவது வினை கதவைத் திறந்து வெளியே போகட்டும்.